நினைவகம் தீர்ந்து சர்வர் விழும்போது

சர்வரை ரீபூட் செய்யப் போகிறீர்களா? ஐந்து நிமிடம் பொறுங்கள். ரீபூட் செய்தால் தளம் எழுந்துவிடும். ஆனால் எதனால் விழுந்தது என்பதற்கான சாட்சியமும் அதோடு போய்விடும். அடுத்த முறை கூட்டம் கூடும் நேரம் பார்த்து மறுபடி விழும்.

இந்த அத்தியாயத்தை ஒரு குறிப்பிட்ட வாசகரை மனதில் வைத்து எழுதுகிறேன். அவர் 1 முதல் 4 ஜிபி ரேம் உள்ள மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். உபுண்டு அல்லது டெபியனில் அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து, அதன்மேல் வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறார். வேறு அமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், பெயர்கள்தான் மாறும். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

கை வைப்பதற்கு முன்

1. இரண்டு எஸ்எஸ்எச் இணைப்புகளைத் திறந்து வையுங்கள். ஒன்றில் ஏதாவது தவறாகி உறைந்தாலும் மற்றொன்று கையில் இருக்கும்.
2. வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் ஒன்று எடுத்துவிடுங்கள்.
3. எந்த அமைப்புக் கோப்பைத் திருத்தினாலும், முதலில் அதன் நகலைத் தேதியோடு பக்கத்தில் வையுங்கள்.
4. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நான்கை ஒரேயடியாக மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. கெட்டாலும் அதே கதைதான்.

முதல் ஐந்து நிமிடம்: சாட்சியம்

1. 'ஃப்ரீ -எம்' கட்டளையை ஓட்டி, வந்ததை ஒரு கோப்பில் சேமியுங்கள்.
2. 'டாப்' திறந்து ஷிஃப்ட் விசையோடு எம் எழுத்தை அழுத்துங்கள். நினைவகம் அதிகம் பிடித்திருக்கும் ப்ராசஸ்கள் மேலே வரும். முதல் இருபது வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்றும் பாருங்கள். பிறகு இதுதான் பேசும்.
3. 'டிமெஸ்ஜ் -டி' ஓட்டி (இந்த டி மட்டும் பெரிய எழுத்து) கெர்னல் செய்திகளைச் சேமியுங்கள். டிமெஸ்ஜ் காட்டும் செய்திகள் ரேமில்தான் இருக்கின்றன, ரீபூட் செய்தால் போய்விடும். ஏற்கெனவே ரீபூட் செய்துவிட்டீர்கள் என்றால் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' என்று கேட்டுப் பாருங்கள். ஜர்னல் வட்டில் எழுதப்படும்படி அமைந்திருந்தால் முந்தைய ஓட்டத்தின் செய்திகள் கிடைக்கும்.
4. அப்பாச்சியின் அக்சஸ் லாகில் கடைசி ஒரு மணி நேரப் பகுதியைத் தனியாக நகலெடுங்கள்.

சாட்சியம் கைக்கு வந்தபின் தளத்தை எழுப்பலாம். இங்கே வரிசை முக்கியம். மைஎஸ்கியூஎல் செத்துக் கிடக்கும்போது அதை மட்டும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அது எழாது. எழும்போதே தன் பஃபர் பூலுக்கு இடம் கேட்கும், அந்த இடத்தில் அப்பாச்சி உட்கார்ந்திருக்கும். லாகைப் பார்த்தால் பஃபர் பூலுக்கு நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்றிருக்கும். ஆகவே முதலில் அப்பாச்சியை நிறுத்துங்கள். அடுத்து மைஎஸ்கியூஎல்லை எழுப்புங்கள். அது நிலைத்தபின் அப்பாச்சியை எழுப்புங்கள்.

எச்சரிக்கை: உறைந்தது போலத் தெரியும் மைஎஸ்கியூஎல்லை 'கில் -9' போட்டு நீங்களே கொல்லாதீர்கள். இன்னோடிபி அட்டவணைகள் அடுத்த முறை எழும்போது தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளும். பழைய மைஐசாம் அட்டவணைகள் ஏதாவது இருந்தால் அவை சிதைய வாய்ப்பு உண்டு.

'ஃப்ரீ' காட்டும் எண்ணைச் சரியாகப் படிப்பது

இந்தக் கட்டளையின் இரண்டாம் வரியில் ஃப்ரீ என்ற பத்தியில் 80 எம்பி என்று பார்த்துப் பதறி, ரேம் கூட்டப் பணம் கட்டியவர்களும் உண்டு. லினக்ஸ் ரேமைச் சும்மா கிடக்க விடாது. வட்டிலிருந்து படித்த கோப்புகளையெல்லாம் மிச்ச ரேமில் வைத்திருக்கும். யாராவது இடம் கேட்டால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் சர்வரிலும் ஃப்ரீ பத்தி சின்ன எண்ணைத்தான் காட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள அவைலபிள் பத்தி. புதிதாக ஒரு ப்ராசஸ் வந்தால், வட்டில் உள்ள ஸ்வாப்பைத் தொடாமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கெர்னலே போட்ட மதிப்பீடு அது. 2 ஜிபி பெட்டியில் நெரிசல் நேரத்தில் அது 300 எம்பிக்கு மேல் நின்றால் நான் கவலைப்பட மாட்டேன். 100க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

இதையொட்டி இணையமெங்கும் சுற்றும் ஒரு 'வைத்தியம்': டிராப் கேஷஸ் என்ற கெர்னல் கோப்பில் 3 என்று எழுதுவதை மணிக்கொரு முறை கிரானில் ஓட்டுவது. செய்யாதீர்கள். ஃப்ரீ பத்தி அழகாக உயரும், தளம் மெதுவாகும். கெர்னல் கேட்டதும் விட்டுக்கொடுக்கக்கூடிய இடத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே கோப்புகளை வட்டிலிருந்து மறுபடி படிக்க வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

செத்தவர், கூப்பிட்டவர், காரணமானவர்

ரேமும் ஸ்வாப்பும் உண்மையிலேயே தீர்ந்துவிட்டால் கெர்னல் ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். கெர்னலின் இந்தப் பகுதிக்கு ஓஓஎம் கில்லர் என்று பெயர். நீங்கள் சேமித்த டிமெஸ்ஜ் கோப்பில் 'ஓஓஎம்' என்று தேடுங்கள். மூன்று விஷயங்கள் கிடைக்கும்.

முதலில், ஒரு ப்ராசஸ் ஓஓஎம் கில்லரை 'இன்வோக்' செய்ததாக ஒரு வரி. கடைசித் துளி ரேமைக் கேட்டுக் கிடைக்காமல் போனவர் இவர். அந்த நேரத்தில் வரிசையில் நின்றவர், அவ்வளவே. இவர்மேல் பழி போடாதீர்கள்.

இறுதியில், கில்ட் ப்ராசஸ் என்ற சொற்கள் உள்ள வரி. அதில் பெரும்பாலும் மைஎஸ்கியூஎல்டி என்ற பெயர் இருக்கும். கெர்னல் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: தனி ப்ராசஸாக யார் அதிகம் பிடித்திருக்கிறார்? மைஎஸ்கியூஎல் ஒரே ப்ராசஸ், 450 எம்பி. அப்பாச்சி நாற்பது ப்ராசஸ், ஒவ்வொன்றும் 70 எம்பி. மொத்தத்தில் 2,800 எம்பி பிடித்த அப்பாச்சி தப்பித்துவிடும், 450 பிடித்த மைஎஸ்கியூஎல் மாட்டிக்கொள்ளும். பார்வையாளருக்குத் 'தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை' என்ற செய்தி தெரியும். நீங்கள் இரண்டு நாள் மைஎஸ்கியூஎல் அமைப்புகளைக் கிண்டிக்கொண்டிருப்பீர்கள்.

காரணமானவர் இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே இருக்கும் நீண்ட அட்டவணையில் இருக்கிறார். அந்த நொடியில் ஓடிய ப்ராசஸ்களெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். படிப்பது இப்படி:

1. ஒரு ப்ராசஸ் ரேமில் பிடித்த இடத்தைக் காட்டும் ஆர்எஸ்எஸ் என்ற பத்தியைப் பிடியுங்கள். அது கிலோபைட் கணக்கு கிடையாது, நினைவகப் பக்கங்களின் கணக்கு. வழக்கமான சர்வரில் ஒரு பக்கம் 4 கிலோபைட். எனவே 18,000 என்றிருந்தால் 72,000 கிலோபைட், அதாவது சுமார் 70 எம்பி.
2. ஒரே பெயருள்ள வரிகளைக் கூட்டுங்கள். தனித்தனி வரிகளை ஒப்பிடாதீர்கள்.
3. பெரிய கூட்டுத்தொகை யாருடையதோ அவரிடம்தான் வேலை.

குறிப்பு: செய்தி 'மெமரி சிகுரூப்' என்று தொடங்கினால் சர்வர் முழுவதற்கும் ரேம் தீரவில்லை, ஒரு கண்டெய்னருக்கோ சர்வீஸுக்கோ வைத்த உச்சவரம்பு தீர்ந்திருக்கிறது. டாக்கரில் ஓட்டுபவர்கள் 137 என்ற வெளியேறும் எண்ணைப் பார்ப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கணக்கு

உபுண்டு, டெபியனில் அப்பாச்சியின் ப்ரீஃபோர்க் முறைக்கான கோப்பில் மேக்ஸ் ரிக்வெஸ்ட் வொர்க்கர்ஸ் என்ற வரி 150 என்று வரும். அதாவது ஒரே நேரத்தில் 150 ப்ராசஸ் வரை பெருகலாம். ஒவ்வொன்றும் 70 எம்பி என்றால் 10,500 எம்பி. நம் உதாரணப் பெட்டியில் இருப்பதோ 2 ஜிபி. தளம் இத்தனை நாள் ஓடியதற்குக் காரணம், 150 பேர் ஒன்றாக வரவில்லை என்பது மட்டும்தான்.

1. நெரிசல் நேரத்தில் அளவெடுங்கள். ரீஸ்டார்ட் செய்தவுடன் எடுத்தால் ப்ராசஸ்கள் ஒல்லியாக இருக்கும். சில மணி நேரம் கனமான பக்கங்களைச் சமைத்தபின்தான் உண்மையான எடை தெரியும்.
2. ஒரு அப்பாச்சி ப்ராசஸின் சராசரி ஆர்எஸ்எஸ் என்ன என்று பாருங்கள். ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமும் இதில் ஒவ்வொன்றின் பேரிலும் எண்ணப்படும், ஆகவே எண் சற்று மிகையாக வரும். பரவாயில்லை, பிழை பத்திரமான பக்கத்தில் இருக்கிறது. துல்லியம் வேண்டுபவர்கள் 'எஸ்மெம்' நிரலை நிறுவி அதன் பிஎஸ்எஸ் பத்தியைப் பார்க்கலாம்.
3. மொத்த ரேமிலிருந்து மற்றவர்களின் பங்கைக் கழியுங்கள். நம் உதாரணத்தில்: மொத்தம் 1,950 எம்பி. இயங்குதளமும் சில்லறை சர்வீஸ்களும் 250. மைஎஸ்கியூஎல் 500. கோப்புக் கேஷுக்கு விடுவது 250. மீதி 950.
4. 950ஐ 70ஆல் வகுத்தால் 13 சொச்சம். 12 என்று எழுதுங்கள்.
5. 'அப்பாச்சிசிடிஎல் கன்ஃபிக்டெஸ்ட்' ஓட்டிப் பிழையில்லை என்று பார்த்தபின் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வொர்க்கர் எண்ணிக்கை மாற ரீலோட் மட்டும் செய்யாமல் ரீஸ்டார்ட்டே செய்வது நல்லது.

150 எங்கே, 12 எங்கே என்று கை நடுங்கும். கல்யாணப் பந்தியில் எத்தனை இலை போட இடமோ அத்தனை இலைதான் போடுகிறோம். மற்றவர்கள் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறார்கள், யாரும் பட்டினியாகத் திரும்புவதில்லை. ஒரு பக்கம் தயாராகக் கால் நொடி ஆனால் 12 ப்ராசஸ் நொடிக்கு 48 பக்கங்களைக் கொடுக்கும். சின்னத் தளத்துக்கு அது தாராளம். பதின்மூன்றாவது ஆள் கெர்னலின் வரிசையில் சில மில்லிநொடி நிற்பார். உச்சவரம்பு இல்லாவிட்டால் அதே ஆளால் சர்வர் முழுவதும் ஸ்வாப்பில் தவழும்.

இந்தக் கணக்கு கைகொடுக்காத ஓர் இடம் உண்டு. ப்ரீஃபோர்க் முறையில் பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஒரு சின்னப் படக்கோப்பைக் கொடுப்பதற்கும் பிஎச்பியைச் சுமந்த 70 எம்பி ப்ராசஸ்தான் போக வேண்டும். கீப்அலைவ் இணைப்பில் பார்வையாளர் சும்மா இருக்கும் 5 நொடியும் அந்த ப்ராசஸ் அவருக்கே கட்டுண்டு கிடக்கும். 12 ப்ராசஸ் போதாமல் திணறினால், ரேம் வாங்குவதற்கு முன், பிஎச்பியைத் தனி ப்ராசஸ்களில் ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு மாறுங்கள்.

1. பிஎச்பி-எஃப்பிஎம் பொதியை நிறுவுங்கள்.
2. ப்ராக்ஸி எஃப்சிஜிஐ மாட்யூலை இயக்கி, எஃப்பிஎம்முக்கான அமைப்பையும் இயக்குங்கள்.
3. பழைய பிஎச்பி மாட்யூலை நிறுத்துங்கள். அதன் பிறகே ப்ரீஃபோர்க்கை நிறுத்தி ஈவென்ட் முறையை இயக்க முடியும்.
4. தளத்தின் டாட் எச்டிஅக்சஸ் கோப்பில் பிஎச்பி வேல்யூ என்று தொடங்கும் வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டால் மாறிய மறுநொடியே 500 பிழை வரும். அந்த வரிகளின் இடம் இனி டாட் யூசர் டாட் ஐஎன்ஐ கோப்பு.
5. சோதித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இனி எண்ண வேண்டியது எஃப்பிஎம்மின் மேக்ஸ் சில்ட்ரன். டெபியன் குடும்பத்தில் அது 5 என்று வரும். மேலே போட்ட அதே கணக்கை அளவெடுத்து இங்கே போடுங்கள். 5 போதவில்லை என்றால் எஃப்பிஎம் லாகிலேயே உச்சவரம்பை எட்டியதாக எச்சரிக்கை விழும். அது விழுந்ததும் 50 என்று எழுதிவிடாதீர்கள். எச்சரிக்கை கூட்டச் சொல்லும், உங்களிடம் எவ்வளவு ரேம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

மைஎஸ்கியூஎல் பக்கம்

இதில் மூன்றுதான் பார்ப்பேன். இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி. சிறு தளத்துக்கு அது போதும். 'ரேமில் 70 சதவீதம் கொடு' என்ற அறிவுரை மைஎஸ்கியூஎல் மட்டும் தனியாக ஓடும் பெட்டிக்கானது, உங்களுடையதற்கு இல்லை. மேக்ஸ் கனெக்ஷன்ஸ் 151 என்று இருக்கும். உங்களிடம் 12 பிஎச்பி ப்ராசஸ்தான் என்றால் 40 தாராளம். மூன்றாவது, பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா: 1 ஜிபி பெட்டியில் இதை அணைத்தால் கணிசமாக மிச்சமாகும். மைஎஸ்கியூஎல்லுக்குப் பதில் மரியாடிபி வைத்திருந்தால் அது இயல்பிலேயே அணைந்திருக்கும்.

சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் இரண்டையும் எங்கோ படித்துவிட்டு 8 எம்பி, 16 எம்பி என்று ஏற்றியிருந்தால் இறக்கிவிடுங்கள். அவை ஒவ்வொரு இணைப்பின் கணக்கிலும் ஏறும்.

மைஎஸ்கியூஎல்லை ஓஓஎம் கில்லரிடமிருந்து காப்பாற்ற வழி இருக்கிறது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' மூலம் அதன் சர்வீஸ் பகுதியில் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் மதிப்பை -500 என்று வைக்கலாம். அப்பாச்சியின் எண்ணிக்கையைக் கட்டியபின் இதைச் செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் கெர்னல் வேறு ஆளைத் தேடும்.

ஸ்வாப்

வாடகைச் சர்வர்கள் பலவும் ஸ்வாப் இல்லாமலே வருகின்றன. 1 அல்லது 2 ஜிபி ஸ்வாப் வைப்பது நல்லது. அது திடீர் உச்சங்களைத் தாங்கும், நிரந்தரப் பற்றாக்குறையைத் தாங்காது.

1. 'எஃப்அலொகேட்' கட்டளையால் 2 ஜிபி கோப்பு ஒன்றை உருவாக்குங்கள்.
2. அதன் அனுமதியை 600 ஆக்குங்கள். இதை மறந்தால், ரேமிலிருந்து அங்கே போகும் கடவுச்சொற்கள் உட்பட எதையும் சர்வரில் உள்ள மற்றப் பயனர்கள் படிக்கலாம்.
3. 'எம்கேஸ்வாப்', அடுத்து 'ஸ்வாப்ஆன்'.
4. எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேருங்கள். உடனே 'ஃபைண்ட்மவுன்ட் --வெரிஃபை' ஓட்டுங்கள். எஃப்எஸ்டேபில் ஒரு தவறு போதும், அடுத்த ரீபூட்டில் சர்வர் பாதியில் நின்றுவிடலாம்.
5. ஸ்வாப்பினஸ் மதிப்பு இயல்பாக 60. தரவுத்தளம் ஓடும் பெட்டியில் 10 வைக்கலாம்.

ஸ்வாப்பில் 300 எம்பி இருக்கிறதே என்று பதற வேண்டாம். உறங்கும் ப்ராசஸ்களின் பக்கங்கள் அங்கே கிடப்பதால் தொல்லை இல்லை. போக்குவரத்துதான் நோய். 'விஎம்ஸ்டாட் 1' ஓட்டி எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பாருங்கள். முதல் வரி சர்வர் எழுந்ததிலிருந்து வந்த சராசரி, அதை விடுங்கள். அடுத்து வரும் வரிகளில் இரண்டும் தொடர்ந்து சுழியத்துக்கு மேலே இருந்தால் ரேம் உண்மையிலேயே போதவில்லை.

ஒரே கோரிக்கை பெரிதாகிவிட்டால்

இது வேறு நோய். சர்வரில் ரேம் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகவோ பிழைச் செய்தியோடோ வரும். பிஎச்பி பிழை லாகில் 134217728 பைட் தீர்ந்தது என்றிருக்கும். அந்த எண் 128 எம்பி. பிஎச்பி ஒரு நிரலுக்கு விதிக்கும் மெமரி லிமிட் அது.

வழக்கமான குற்றவாளி படம். ஃபோனிலோ கேமராவிலோ எடுத்த 6000க்கு 4000 புள்ளிப் படம் ஜேபெக்காக 5 எம்பிதான் இருக்கும். ஆனால் சிறுபடம் தயாரிக்க அதை விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் 96 எம்பி ஆகும். பிஎச்பியோடு சேர்ந்தே வரும் ஜிடி நூலகம் என்றால் இது மெமரி லிமிட்டில் முட்டி நிற்கும். இமேஜ்மேஜிக் அந்த உச்சவரம்புக்குள் வராது. நேரே சர்வரின் ரேமைத் தின்னும். அதற்கென ஒரு பாலிசி கோப்பு உண்டு, கட்டுப்பாட்டை அங்கே வையுங்கள்.

லிமிட்டைத் தளம் முழுவதற்கும் 512 ஆக ஏற்றுவது சோம்பேறி வழி, ஆபத்தும்கூட. பதிவேற்றும் படங்களின் அளவைக் குறையுங்கள். முடியாவிட்டால் நிர்வாகப் பக்கத்துக்கு மட்டும் கூட்டுங்கள். வேர்ட்பிரஸில் அதற்கென மேக்ஸ் மெமரி லிமிட் என்ற தனி மாறிலி இருக்கிறது.

கசிவா, கூட்டமா?

ஒரு தாளில் மணிக்கொரு முறை இரண்டு எண்களைக் குறியுங்கள்: எத்தனை பிஎச்பி ப்ராசஸ், ஒன்றின் சராசரி எடை. எண்ணிக்கை ஏறி எடை நிலையாக நின்றால் கூட்டம். எண்ணிக்கை நிலையாக நின்று எடை மட்டும் ஏறிக்கொண்டே போனால் கசிவு.

கசிவு என்றால் ப்ளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நேரடித் தளத்தில் வேண்டாம், நகல் தளத்தில். அதுவரைக்கும் கட்டு போட்டுக்கொள்ள எஃப்பிஎம்மின் மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸை 500 என்று வைத்தால், ஒவ்வொரு ப்ராசஸும் 500 கோரிக்கைக்குப் பிறகு ஓய்வுபெற்றுப் புதிது வரும். ப்ரீஃபோர்க்கில் இதே வேலையை மேக்ஸ் கனெக்ஷன்ஸ் பெர் சைல்ட் செய்யும்.

கூட்டம் என்றால், வந்தது மனிதரா என்று பாருங்கள். தனியே எடுத்துவைத்த அக்சஸ் லாகில் எந்த முகவரி, எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணுங்கள். லாகின் பக்கத்துக்கும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்புக்கும் நூற்றுக்கணக்கில் போஸ்ட் கோரிக்கைகள் இருந்தால் கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள்தான். இவை, தயாரான பக்கங்களைச் சேமித்துத் தரும் பக்கக் கேஷைத் தாண்டி, ஒவ்வொரு முறையும் பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் எழுப்பும். எக்ஸ்எம்எல்ஆர்பிசியை அப்பாச்சியிலேயே மறிக்கலாம். ஜெட்பேக்கோ வேர்ட்பிரஸ் மொபைல் செயலியோ பயன்படுத்துபவர்கள் மட்டும் மறிக்கும் முன் யோசியுங்கள், அவற்றுக்கு அந்த வாசல் வேண்டும். லாகின் பக்கத்துக்கு 'ஃபெயில்2பேன்' போதும்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

நகல் சர்வர் ஒன்றில், 'ஏபி' கருவியால் ஒரே நேரத்தில் 30 இணைப்புகளை அனுப்புங்கள். பக்கத்து ஜன்னலில் விஎம்ஸ்டாட் ஓடட்டும். கோரிக்கைகள் தாமதமாகலாம், ஆனால் எஸ்ஐயும் எஸ்ஓவும் சுழியத்தை ஒட்டியே இருக்க வேண்டும், அவைலபிள் 200க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வொர்க்கர் எண்ணை இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி அனுப்புங்கள். அடுத்தவருடைய தளத்தின்மீது இந்தக் கருவியை ஏவாதீர்கள். வாடகை நிறுவனத்தின் விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்த ஒரு வாரம் காலையில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' போட்டு மைஎஸ்கியூஎல் எப்போது எழுந்தது என்று பாருங்கள். அது தானாகவே மறுபடி எழும்படி அமைந்திருப்பதால் இரவில் செத்துப் பிழைத்தது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். தொடங்கிய நேரம் 3:10 என்று காட்டி, அந்நேரம் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் டிமெஸ்ஜைத் திறங்கள். நள்ளிரவு பேக்கப்பும் வேறு கிரான் வேலைகளும் ஒரே நிமிடத்தில் தொடங்குகின்றனவா என்றும் பாருங்கள். அரை மணி இடைவெளி விட்டால் போதும்.

இத்தனையும் செய்தபின் வொர்க்கர்கள் எப்போதும் நிரம்பியே இருக்கிறார்கள், பக்கக் கேஷும் போட்டாயிற்று, பார்வையாளர்கள் உண்மையான மனிதர்கள் என்றால் ரேம் கூட்டுங்கள். கூட்டிய அன்றே அளவெடுத்துக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பழைய 12ஐ அப்படியே விட்டால் வாங்கிய ரேம் கோப்புக் கேஷுக்குத்தான் போகும், வரிசையில் நிற்பவர்கள் நின்றுகொண்டேதான் இருப்பார்கள்.